எரர் போச்சு, கணக்கும் போச்சு: பவர் பிஐ டேட்டா மாடலைச் சரிபார்ப்பது எப்படி?

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கி, வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுல திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "பவர் பிஐல ரெண்டு டேபிளை இணைச்சு வெச்சிருக்கேன். ரிஃப்ரெஷ் பண்ணினா டூப்ளிகேட் வேல்யூ இருக்குன்னு எரர் வருது. எப்படிச் சரி பண்றது?"

இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ற வீடியோக்கள் ஏராளமா இருக்கு. "ரிலேஷன்ஷிப்பை மெனி டு மெனின்னு மாத்துங்க, எரர் போயிடும்" என்பார்கள். உண்மைதான், போயிடும். நானும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத்தான் செஞ்சேன். அதனால ஒரு சேல்ஸ்மேனுக்கு ரெண்டு மாச இன்சென்டிவ் போச்சு. அவருக்குக் கிடைக்க வேண்டிய பணம் அவருக்குக் கிடைக்கல, கிடைக்கக்கூடாத இன்னொரு டீமுக்குப் போச்சு. ரிப்போர்ட்ல ஒரு சிவப்புக் குறிகூட இல்ல.

அதனால இன்றைக்கு எரரை எப்படி மறைய வைப்பது என்று பேசப்போறதில்ல. அந்த எரர் என்ன சொல்ல வருதுன்னு பேசுவோம். என்னோட அந்தத் தப்பையே உதாரணமா எடுத்துக்கலாம்.

மாடல் என்றால் என்ன?

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். பவர் பிஐ, மைக்ரோசாஃப்ட் 2015ல வெளியிட்ட ரிப்போர்ட்டிங் மென்பொருள். எக்ஸல் ஷீட், டேட்டாபேஸ், பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட் என்று எங்கிருந்து வேணும்னாலும் டேட்டாவை உள்ளே கொண்டுவரலாம். கொண்டுவந்து சுத்தம் பண்ற இடம் பவர் குவெரி. சுத்தம் பண்ணின டேபிள்களை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு வைக்கிற இடம்தான் மாடல். அதுக்கு மேல கணக்குப் போடுற மொழி டாக்ஸ். கடைசியா நாம பார்க்கிற சார்ட், டேபிள் எல்லாம் அதுக்கும் மேல. மாடல் தப்பா இருந்தா மேல எவ்வளவு அழகா சார்ட் போட்டாலும் கணக்கு தப்புதான்.

ஒரு கடையை நினைச்சுக்கோங்க. அங்கே பில் புத்தகம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரே பொருள் ஒரு நாளைக்கு இருபது தடவைகூட வரும். சரக்குப் பட்டியல் இன்னொண்ணு இருக்கு. அதுல ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு தடவைதான் வரணும். பொருளோட கோடு, பேர், எந்தப் பிரிவு, இவ்வளவுதான். பில் புத்தகத்துக்கு ஃபேக்ட் டேபிள் என்று பேர். சரக்குப் பட்டியலுக்கு டைமென்ஷன் டேபிள் என்று பேர். நடுவுல ஃபேக்ட், சுத்தி டைமென்ஷன் என்று வரைஞ்சா நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதனால ஸ்டார் ஸ்கீமா. இதைப் பரவலாக்கியவர் ரால்ஃப் கிம்பால். 1996ல வந்த அவரோட டேட்டா வேர்ஹவுஸ் புத்தகம் இன்னைக்கும் இந்தத் துறையில படிக்கப்படுது.

சரக்குப் பட்டியல் இருக்கிற பக்கம் ஒன் சைடு. பில் புத்தகம் இருக்கிற பக்கம் மெனி சைடு. ஒன் சைடுல ஒரு கோடு ரெண்டு தடவை வந்தா பவர் பிஐ ரிஃப்ரெஷை நிறுத்திடும். "இந்த டேபிள்ல, இந்த காலம்ல, இந்த மதிப்பு திரும்ப வந்திருக்கு, ஒன் சைடுல இது கூடாது" என்று சொல்லும். எரர் மெசேஜிலேயே டேபிள் பேர், காலம் பேர், எந்த மதிப்பு என்பது வரைக்கும் இருக்கும். நம்மள்ல பல பேர் அதை முழுசாப் படிக்கவே மாட்டோம். நானும் படிக்கல.

அந்த வெள்ளிக்கிழமை

அப்ப எனக்கு வேலையில ரெண்டாவது வருஷம். கோயம்புத்தூர் பக்கம் பம்ப்செட் விக்கிற ஒரு விநியோகஸ்தருக்கு நாங்க ரிப்போர்ட் செஞ்சு கொடுத்திருந்தோம். மூணு பிரிவு: வீட்டு உபயோக மோட்டார், விவசாய மோட்டார், உதிரிபாகம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி சேல்ஸ் ஆட்கள். மாசம் முடிஞ்சதும் எங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் இன்சென்டிவ் போடுவாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அதோட அர்த்தம் அன்னைக்கு உறைக்கல.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க ஆபீஸ்ல இருந்து புது சரக்குப் பட்டியல் அனுப்பினாங்க. ரிஃப்ரெஷ் போட்டேன். டூப்ளிகேட் எரர். சரி, பவர் குவெரிக்குப் போய் கோடு காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி ரிமூவ் டூப்ளிகேட்ஸ் அழுத்தினேன். திரும்ப ரிஃப்ரெஷ். அதே எரர். டூப்ளிகேட்டை எடுத்தாச்சு, இன்னும் டூப்ளிகேட் இருக்குன்னு சொல்லுது! சாஃப்ட்வேர்ல ஏதோ பக் போலன்னு நினைச்சேன்.

ஆறே முக்காலுக்கு ரிலேஷன்ஷிப்பை டெலிட் பண்ணிட்டு, டேபிளை லோட் பண்ணி, கோடு காலத்தை இழுத்து மறுபடி இணைச்சேன். ரெண்டு பக்கமும் மதிப்பு திரும்ப வருதுன்னு பார்த்து, பவர் பிஐயே மெனி டு மெனின்னு தேர்ந்தெடுத்துக் கொடுத்துச்சு. கீழே ஒரு எச்சரிக்கையும் வந்துச்சு: ரெண்டு பக்கமும் தனித்த மதிப்பு இல்லைன்னு உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சா மட்டும், இது வேற மாதிரி வேலை செய்யும்னு புரிஞ்சா மட்டும் பயன்படுத்துங்கன்னு. ஓகே அழுத்தினேன். ரிப்போர்ட் வந்துடுச்சு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சேன்.

டூப்ளிகேட்டை எடுத்தும் ஏன் எரர் போகல?

முதல்ல இந்தப் புதிரை அவிழ்ப்போம். ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் மாட்டிக்கிட்டிருக்கிறதும் இங்கேதான்.

பவர் குவெரியும் மாடல் இன்ஜினும் ஒரே சாஃப்ட்வேருக்குள்ள இருந்தாலும் எழுத்தை ரெண்டும் ஒரே மாதிரி பார்க்கிறதில்ல. பவர் குவெரிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. மாடல் இன்ஜினுக்கு ரெண்டும் ஒண்ணு. ஒருத்தர் கோடை பெரிய எழுத்துல அடிச்சிருக்கார், இன்னொருத்தர் அதே கோடை சின்ன எழுத்துல அடிச்சிருக்கார் என்று வெச்சுக்கோங்க. பவர் குவெரி "இது ரெண்டும் வேற பொருள், டூப்ளிகேட் இல்ல" என்று விட்டுடும். மாடலுக்குள்ள வந்ததும் இன்ஜின் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று நிறுத்திடும்.

ஸ்பேஸ் விஷயமும் இதே கதைதான். கோடுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருந்தா, மாடல் இன்ஜின் லோட் பண்ணும்போது அதை வெட்டிடும். பவர் குவெரி வெட்டாது. அதனால ஸ்பேஸ் இருக்கிற கோடும் இல்லாத கோடும் பவர் குவெரியில ரெண்டு, மாடல்ல ஒண்ணு. மறுபடி டூப்ளிகேட். ஆனா கோடுக்கு முன்னாடி ஸ்பேஸ் இருந்தா இன்ஜின் வெட்டாது! அது வேற மதிப்பாவே இருக்கும். டூப்ளிகேட் எரர் வராது, ஆனா எதோடயும் சேராது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில திரும்ப வரும்.

அதனால சுத்தம் பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல கோடு காலத்தை டெக்ஸ்ட் டைப்பா மாத்துங்க. அடுத்து டிரிம் போடுங்க, ரெண்டு பக்க ஸ்பேஸும் போயிடும். அப்புறம் எல்லாத்தையும் அப்பர்கேஸ் ஆக்குங்க. இந்த மூணையும் சரக்குப் பட்டியல், பில் ரெண்டு டேபிள்லயும் செய்யணும். ஒரு பக்கம் மட்டும் செஞ்சா போதாது. இதுக்கு அப்புறம்தான் டூப்ளிகேட்டைத் தேடணும். தேடணும்னுதான் சொல்றேன், உடனே எடுக்கணும்னு சொல்லல. பவர் குவெரியில கீப் டூப்ளிகேட்ஸ் என்று ஒரு வசதி இருக்கு. அது திரும்ப வர்ற வரிகளை மட்டும் காட்டும். ரிமூவ் பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. எதைத் தூக்கிப் போடப் போறீங்கன்னு கண்ணால பார்த்துட்டுத் தூக்கிப் போடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. "தேதி வாரியா சார்ட் பண்ணி புதுசை மேல வெச்சுட்டு, ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போட்டா புதுசு மட்டும் நிக்கும்" என்று பலர் நினைக்கிறாங்க. பவர் குவெரி அந்த வரிசையை மதிக்கும்னு உத்தரவாதம் இல்ல. சார்ட் பண்ணின டேபிளை டேபிள் பஃபர் ஃபங்ஷன்ல போட்டு நிறுத்திட்டு அப்புறம் எடுக்கணும். இல்லைன்னா குரூப் பை போட்டு ஒவ்வொரு கோடுக்கும் கடைசித் தேதியைக் கண்டுபிடிச்சுக்கணும்.

மெனி டு மெனி என்ன செஞ்சது?

அந்த விநியோகஸ்தர்கிட்ட நடந்தது இதுதான். ஒரு மோட்டார் முன்னாடி வீட்டு உபயோகப் பிரிவுல இருந்திருக்கு. அந்த மாசம் அதை விவசாயப் பிரிவுக்கு மாத்தியிருக்காங்க. பழைய வரியைத் திருத்தாம, கடைசியில புதுசா ஒரு வரி சேர்த்திருக்காங்க, கோடை சின்ன எழுத்துல அடிச்சு. ஆக ஒரே மோட்டார், ரெண்டு வரி, ரெண்டு பிரிவு. அந்த மாசம் அந்த மோட்டாரோட விற்பனை 4 லட்சம்.

மெனி டு மெனி போட்டதும் அந்த 4 லட்சம் ரெண்டு பிரிவுலயும் போய் உட்கார்ந்துடுச்சு.

இன்னொண்ணும் நடந்தது. உதிரிபாகப் பிரிவுக்கு அந்த மாசம் புதுசா ஒரு கவுன்டர் திறந்திருந்தாங்க. அந்த கம்ப்யூட்டர்ல இருந்து வந்த பில்கள்ல கோடுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ். இன்ஜின் வெட்டாத அதே ஸ்பேஸ். அந்த பில்கள் மொத்தம் 3 லட்சம். சரக்குப் பட்டியலோட அது சேரவே இல்ல.

சாதாரண ஒன் டு மெனி ரிலேஷன்ஷிப்ல இப்படிச் சேராத வரி இருந்தா, இன்ஜின் ஒன் சைடுல கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி வரியைச் சேர்த்து, அனாதையா நிக்கிற விற்பனையை எல்லாம் அதுல போட்டுடும். ரிப்போர்ட்ல பிளாங்க் என்று ஒரு வரி வரும். பார்க்க அசிங்கமா இருக்கும், கிளையன்ட் "இது என்னங்க பிளாங்க்?" என்று கேட்பார். நாமளும் ஃபில்டர் போட்டு மறைச்சுடுவோம். தயவுசெஞ்சு மறைக்காதீங்க, அது உங்களுக்கு வந்த புகார் கடிதம். மெனி டு மெனியில அந்தக் காலி வரியே சேராது. சேராத விற்பனை பிரிவு வாரியான வரிகள்ல எங்கேயும் வராது. ஆனா மொத்தத்துல இருக்கும்.

இப்ப நம்பரைப் பாருங்க. உண்மையில வீட்டு உபயோகம் 12 லட்சம், விவசாயம் 20 லட்சம், உதிரிபாகம் 5 லட்சம். மொத்தம் 37 லட்சம். ரிப்போர்ட் காட்டினது: வீட்டு உபயோகம் 16, விவசாயம் 20, உதிரிபாகம் 2. கீழே மொத்தம் 37.

மொத்தம் சரியா இருக்கு! முதலாளி பார்க்கிறது மொத்தத்தைத்தான். பில்லிங் சாஃப்ட்வேர்லயும் 37, எங்க ரிப்போர்ட்லயும் 37. யாருக்கும் சந்தேகம் வரல. மேல இருக்கிற மூணு வரியைக் கூட்டினா 38 வரும். யார் கூட்டிப் பார்ப்பா? ஒரு பக்கம் 4 கூடி, இன்னொரு பக்கம் 3 குறைஞ்சதால, வித்தியாசம் வெறும் 1 லட்சமாத் தெரிஞ்சது. கூட்டிப் பார்த்திருந்தாக்கூட ரவுண்டிங்னு விட்டிருப்போமோ என்னவோ.

உதிரிபாகத்துக்கு டார்கெட் 4 லட்சம். அந்த சேல்ஸ்மேன் 5 லட்சம் வித்திருக்கார், ரிப்போர்ட் 2 சொல்லுது. வீட்டு உபயோகத்துக்கு டார்கெட் 15. அவங்க வித்தது 12, ரிப்போர்ட் 16 சொல்லுது.

போன் வந்தது

அடுத்த மாசமும் இதே மாதிரி போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் எனக்கு ஒரு போன். அந்த உதிரிபாக சேல்ஸ்மேன்தான். எங்க ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடிச்சு, அங்கிருந்து என் நம்பரை வாங்கியிருக்கார்.

"தம்பி, ஒரு நிமிசம் பேசலாமுங்களா? ரெண்டு மாசமா என்ற நோட்டுல ஒண்ணு இருக்குது, உங்க ரிப்போர்ட்டுல ஒண்ணு இருக்குது. மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேனுங்க. கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதுங்கறாரு. நான் பில் நம்பரோட எழுதி வெச்சிருக்கறேன். நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க."

இருபது வருஷத்துக்கு மேல அந்த வேலையில இருக்கிறவர். வித்ததைத் தினமும் நோட்டுல எழுதற ஆள். ஒரு ரிப்போர்ட் வந்ததும், அவரோட நோட்டு பொய் ஆயிடுச்சு. அந்த ரிப்போர்ட்டைச் செஞ்சது நான்.

நான் அப்பவும் முதல்ல நினைச்சது என்ன தெரியுமா? "அண்ணா கூட்டல்ல எங்கேயோ விட்டிருப்பார்." நேர்மையா ஒத்துக்கறேன், அப்படித்தான் நினைச்சேன். அவர் சொன்ன பத்து பில் நம்பரைக் குறிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். பத்துல ஆறு பில் எந்தப் பிரிவுலயும் இல்ல. ஆனா பில் டேபிள்ல பத்தும் இருக்கு. அங்கேதான் எனக்கு வேர்த்துச்சு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்னைக்கு ராத்திரி நான் செஞ்சதை, இப்ப எந்த மாடலா இருந்தாலும் முதல்லயே செய்யறேன். நாலு வேலை.

முதல் வேலை, ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வாக்கியம் எழுதறது: "இந்த டேபிள்ல ஒரு வரி என்பது என்ன?" பில் டேபிள்ல ஒரு வரி என்பது ஒரு பில்லா, பில்லுக்குள்ள ஒரு பொருளா? சரக்குப் பட்டியல்ல ஒரு வரி என்பது ஒரு பொருளா, ஒரு பொருளோட ஒரு காலகட்டமா? கிம்பால் இதைத்தான் கிரெய்ன் என்பார். மாடல் வரையும்போது இதை முதல்லயே அறிவிக்கணும் என்பது அவரோட வழிமுறை. இந்த வாக்கியத்தை உங்களால எழுத முடியலைன்னா, உங்களுக்கு டேட்டா இன்னும் புரியலைன்னு அர்த்தம். கிளையன்டுக்கு போன் போடுங்க.

ரெண்டாவது, எண்ணிப் பாருங்க. டைமென்ஷன் டேபிள் மேல ரெண்டு மெஷர் எழுதுங்க. ஒண்ணு கவுன்ட்ரோஸ், மொத்த வரிகள். இன்னொண்ணு கோடு காலத்துல டிஸ்டிங்க்ட்கவுன்ட், தனித்த மதிப்புகள். ரெண்டும் ஒரே நம்பர் வரணும். வரலைன்னா, கோடையும் வரி எண்ணிக்கையையும் ஒரு டேபிள் விஷுவல்ல போட்டு, எண்ணிக்கை ஒண்ணுக்கு மேல இருக்கிறதை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. குற்றவாளி கையில கிடைச்சுடும். இதை டாக்ஸ்ல செய்யறது முக்கியம், ஏன்னா மாடல் இன்ஜின் எப்படிப் பார்க்குதோ அப்படித்தான் டாக்ஸும் பார்க்கும்.

மூணாவது, சேராததைத் தேடுங்க. பவர் குவெரியில மெர்ஜ் குவெரிஸ் போய், பில் டேபிளை மேலயும் சரக்குப் பட்டியலைக் கீழயும் வெச்சு, ஜாயின் வகையில லெஃப்ட் ஆன்ட்டி தேர்ந்தெடுங்க. பில்லுல இருந்து பட்டியல்ல இல்லாத கோடுகள் மட்டும் வரும். அந்த 3 லட்சம் எனக்கு இங்கேதான் கிடைச்சது. திரையில பார்த்தா கோடு சரியாத்தான் தெரியும். முன்னாடி இருக்கிற ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துகளோட நீளத்தை எண்ற ஒரு காலம் சேர்த்தப்பதான் ஒரு எழுத்து அதிகமா இருக்கிறது தெரிஞ்சது.

நாலாவது, கூட்டிப் பாருங்க. பிரிவு வாரியான வரிகளைக் கூட்டினா மொத்தம் வருதா? மொத்தம் பில்லிங் சாஃப்ட்வேரோட ஒத்துப்போகுதா? இந்த ரெண்டு கேள்வியும் வேற வேற. நான் ரெண்டாவதை மட்டும் பார்த்துட்டு நிம்மதியா இருந்தேன். இங்கே ஒரு விஷயம் கவனிங்க. வரிகளோட கூட்டலும் மொத்தமும் வேறயா இருந்தா அது எப்பவும் தப்புன்னு இல்ல. எத்தனை வாடிக்கையாளர் வாங்கினாங்கன்னு எண்ணினா, ஒரே ஆள் ரெண்டு பிரிவுலயும் வாங்கியிருப்பார். அங்கே கூட்டல் ஒத்துப்போகாது, போகவும் கூடாது. ஆனா விற்பனைத் தொகை ஒத்துப்போயே ஆகணும். எது கூடணும், எது கூடக்கூடாது என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற பிழைகள்

மாடல்ல வர்ற மற்ற பிரச்சினைகளும் பெரும்பாலும் இதே மாதிரிதான். கீழே எங்கேயோ நடந்தது மேல வேற பேர்ல வரும்.

ஒன் சைடுல பிளாங்க் இருக்குன்னு ஒரு எரர் வரும். எக்ஸல் ஷீட்டோட கடைசியில காலி வரி இருக்கலாம். இல்லைன்னா இன்னும் சுவாரசியமான காரணம் ஒண்ணு இருக்கு. பவர் குவெரி எக்ஸல், சிஎஸ்வி மாதிரி ஃபைலைத் திறந்ததும், முதல் 200 வரியைப் பார்த்து காலத்தோட டைப்பைத் தானா முடிவு பண்ணிடும். உங்க கோடு முதல் 200 வரியில வெறும் எண்ணா இருந்தா, காலம் எண் ஆயிடும். முன்னாடி இருக்கிற பூஜ்ஜியங்கள் எல்லாம் போயிடும். 00123 என்பது 123 ஆயிடும். அதுக்குக் கீழ எழுத்து கலந்த கோடு வந்தா அது எரர் ஆகும். அந்த எரர் மாடலுக்குள்ள பிளாங்க்கா லோட் ஆகும். கடைசியில நமக்குத் தெரியறது பிளாங்க் எரர் மட்டும்தான். அதனால தானா சேர்ற சேஞ்ச்டு டைப் படியை ஒரு தடவை திறந்து பாருங்க. கோடு, பின்கோடு, போன் நம்பர் இதெல்லாம் எண் மாதிரி தெரியும், ஆனா அதுங்களைக் கூட்டிப் பார்க்கப் போறதில்ல. கூட்டாததை எல்லாம் டெக்ஸ்ட்டாவே வெச்சுக்கோங்க.

அடுத்தது தேதி. நம்ம ஊர்ல நாள், மாதம், வருஷம். அமெரிக்க செட்டிங் இருக்கிற கம்ப்யூட்டர்ல மாதம் முதல்ல வரும். அப்ப மார்ச் 5, மே 3 ஆயிடும். எரர் வராது! 12ஆம் தேதிக்கு மேல இருக்கிறது மட்டும்தான் எரர் ஆகும், ஏன்னா 13வது மாதம் கிடையாது. டைப் மாத்தும்போது யூசிங் லொகேல் என்ற வழியில போய் ஆங்கிலம் இந்தியான்னு தேர்ந்தெடுத்தா இந்தத் தொல்லை இல்ல. இன்னொண்ணு, பில் தேதியோட நேரமும் ஒட்டிக்கிட்டு வந்தா, காலண்டர் டேபிளோட சேராது. காலண்டர்ல இருக்கிறது ராத்திரி 12 மணி, பில்லுல இருக்கிறது காலை 11.20. ஃபார்மேட்டை மாத்தி நேரத்தை மறைச்சா போதாது, உள்ளே இருந்துகிட்டே இருக்கும். டைப்பையே டேட்டா மாத்தணும், அதாவது டேட் டைப்பா.

மூணாவது, ரெண்டு டேபிளுக்கு நடுவுல ரெண்டு வழி இருக்குன்னு சொல்ற குழப்பம். பில் தேதி, டெலிவரி தேதி ரெண்டையும் ஒரே காலண்டரோட இணைச்சா, ஒண்ணுதான் ஆக்டிவா இருக்கும். இன்னொண்ணு புள்ளிக்கோடா இருக்கும். அது எரர் இல்ல. டெலிவரி தேதிப்படி கணக்கு வேணும்னா, மெஷருக்குள்ள யூஸ்ரிலேஷன்ஷிப் ஃபங்ஷன் போட்டுக்கலாம். ஃபில்டர் வேலை செய்யலைன்னதும் ரிலேஷன்ஷிப்பை ரெண்டு திசையும் திறந்து விடறது இன்னொரு பழக்கம். அது ஒரு இடத்துல சரியாகும், வேற இடத்துல ஃபில்டர் சுத்தி வந்து நம்பரை மாத்தும். முதல்ல ஒரு திசை. ரெண்டு திசை வேணும்னா ஏன் வேணும்னு ஒரு வரி எழுதி வைங்க.

அப்ப மெனி டு மெனியே தப்பா? இல்ல. ஒரு பேங்க் அக்கவுன்ட்டுக்கு ரெண்டு பேர் உரிமையாளர், ஒருத்தருக்கு மூணு அக்கவுன்ட். அங்கே உண்மையிலேயே ரெண்டு பக்கமும் பல. அதை நடுவுல ஒரு பிரிட்ஜ் டேபிள் வெச்சு செய்யலாம். உலகம் அப்படி இருக்கிறதால மெனி டு மெனி போட்டா சரி. எரர் போகணும்னு போட்டா தப்பு.

எரர் என்பது மாடலோட நேர்மை

நான் ரொம்ப நாள் எரரைத் தடங்கலா நினைச்சேன். இப்ப அப்படி இல்ல. யோசிச்சுப் பாருங்க. இம்போர்ட் பண்ணின மாடல்ல, பவர் பிஐ சர்வீஸ் டூப்ளிகேட்டால ரிஃப்ரெஷை நிறுத்தினா, முன்னாடி இருந்த டேட்டா அப்படியே இருக்கும். பாதி புதுசு, பாதி பழசுன்னு கலக்காது. அன்னைக்கு நான் எதுவுமே செய்யாம, "உங்க பட்டியல்ல ஒரு மோட்டார் ரெண்டு தடவை இருக்கு, எது சரின்னு திங்கட்கிழமை சொல்லுங்க" என்று மட்டும் மெயில் போட்டுட்டு பஸ் ஏறியிருந்தா, ரெண்டு நாள் பழைய ரிப்போர்ட் இருந்திருக்கும். அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

அந்த மோட்டார் எந்தப் பிரிவு என்று முடிவு பண்ற உரிமை எனக்கு இல்ல. பிரிவு மாறினதுக்கு முன்னாடி வித்தது யாருக்குச் சேரணும், பின்னாடி வித்தது யாருக்குச் சேரணும்? அது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. பழசு பழைய பிரிவுல, புதுசு புதுப் பிரிவுல நிக்கணும்னா, ரெண்டு வரிக்கும் தனித்தனி சாவி எண் கொடுத்து, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் என்று வெச்சு, அந்தச் சாவியோட பில்லை இணைக்கணும். அதுக்கு ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன், இரண்டாம் வகை என்று பேர். எல்லாமே இனிமே விவசாயம்தான்னா, பழைய வரியை எடுத்துடலாம். ரெண்டுக்கும் டெக்னிக்கலா வழி இருக்கு. எதுன்னு கேட்டிருக்கணும். நான் கேட்காம, மெனி டு மெனின்னு மூணாவதா ஒரு பதிலை நானே கொடுத்துட்டேன்.

மறுநாள் காலையில என் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டு விழுந்துச்சு, ஆனா அவரே கூட வந்தார். விநியோகஸ்தர்கிட்ட நேர்ல போய், பழைய நம்பர், சரியான நம்பர், என்ன காரணம் என்று ஒரே பக்கத்துல காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் உதிரிபாக சேல்ஸ்மேனுக்கு ரெண்டு மாச பாக்கியைக் கொடுத்துட்டார். வீட்டு உபயோகம் டீமுக்குப் போனதைத் திருப்பிக் கேட்கல. அந்த நஷ்டம் அவரோடது, காரணம் நான்.

அன்னைக்கே அந்த அண்ணாவுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருசா ஒண்ணும் சொல்லல. "பரவால்லைங்க தம்பி. நோட்டை விட்டுப்போட்டு கம்ப்யூட்டரையே பாருன்னாங்க. நான் ரெண்டையும் வெச்சுக்கறேன்" என்றார்.

அதுக்கப்புறம் நான் செய்யற எல்லா ரிப்போர்ட்லயும் கடைசியில ஒரு பக்கம் இருக்கும். சோதனைன்னு பேர். வரி எண்ணிக்கை, தனித்த கோடு எண்ணிக்கை, சேராத பில் தொகை, பிரிவுகளோட கூட்டலுக்கும் மொத்தத்துக்கும் வித்தியாசம். நாலு நம்பர். சரியா இருந்தா கடைசி ரெண்டும் பூஜ்ஜியம். கிளையன்டுக்கும் அதைக் காட்டி, மாசம் முடிஞ்சதும் முதல்ல இந்தப் பக்கத்தைப் பாருங்கன்னு சொல்லிடுவேன். செய்ய அரை மணி நேரம்தான் ஆகும்.

உங்க வேலை இந்த வாரம்: இப்ப ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, மாடல் வியூவுக்குப் போய், மெனி டு மெனி எங்கேயாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா, அது ஏன் இருக்குன்னு உங்களால ஒரு வாக்கியத்துல சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அந்த நாலு வேலையையும் செய்யுங்க. அந்த ரிப்போர்ட்டை வெச்சு யாருக்கோ சம்பளம் போகுது, யாருக்கோ சரக்கு போகுது என்பதை மட்டும் மறக்காதீங்க.

என்ன கிடைச்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல காலண்டர் டேபிள் பத்தி விரிவாப் பேசலாம். அதுவரைக்கும், வணக்கம்.